மழைக்கும் பனிக்கும் நடுவே மனம் தளராதிருக்க

(மருத்துவமனை நண்பர்களின் கூடுகையில், வீடு சந்திக்கும் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

குளிர்காலத்தில் வீட்டோடு இருப்பவர்கள் மனம் தளராமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். வேலூரில் குளிர்காலம் என்றால் வெளிநாட்டில் இருக்கும் நம் நண்பர்கள் சிரிக்கக்கூடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். இங்கே பனி கட்டுவதும் இல்லை, சூரியன் மாதக்கணக்கில் மறைவதும் இல்லை. டிசம்பரில் மிகக் குறுகிய நாளில்கூட நமக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு.

ஆனாலும் ஐப்பசி முதல் தை வரை எங்களோடு ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துத் தெருக்களில் நடந்து வந்தால், குளிர்காலம் என்றால் என்ன என்று விளங்கும். முதலில் மழை. ஓட்டு வீட்டின் சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. போட்ட துணி காய்வதில்லை. விறகு நனைந்து புகைகிறது. மழை ஓய்ந்ததும் மார்கழிப் பனி. இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே, வெயிலுக்குக் கட்டிய வீட்டில் தரை ஜில்லிட்டுப் போகிறது. ஜன்னலை அடைத்துவிடுகிறார்கள். பகலிலும் வீடு இருட்டு. இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. மூட்டு வலிக்காரர் எழுந்திருக்கவே யோசிக்கிறார். உறவினர் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த நாட்களில்தான் நாங்கள் சந்திக்கும் வீடுகளில் அநேகர், "இனி என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

2021-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தை இங்கே ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நவம்பர் மாதத்தில் பாலாற்றில் லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. 1903-இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் வந்ததில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். குடியாத்தத்தில் கௌண்டன்யா ஆறு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. நவம்பர் 19 அன்று விடியற்காலையில் பேரணாம்பட்டில் ஒரு வீட்டுச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 9 பேர் மாண்டார்கள். அவர்களில் 4 பேர் பிள்ளைகள். அந்தத் துக்கம் ஆறுமுன் நவம்பர் 29 அன்று ரிக்டர் அளவில் 3.6 என்று பதிவான நில அதிர்வு. டிசம்பர் 23 அன்று மறுபடியும் 3.5. பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் ஜனங்கள் வீட்டுக்குள் படுக்கப் பயந்து, பனியில் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள்? இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடப்பவர், பக்கவாதத்தில் விழுந்தவர், மூச்சுக்குப் போராடும் முதியவர் ஆகியோருக்கு அந்தச் சுவர்களை விட்டால் வேறு இடம் இல்லை. அவர்களிடத்தில் போய், "எல்லாம் நல்லதாக நினையுங்கள்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை. சிரித்த முகமாய் இருங்கள் என்பதும், உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பாருங்கள் என்பதும் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுகிற வார்த்தைகளே. ஆனால் கேட்கிறவருக்கு அவை பாரத்தின்மேல் பாரம். வியாதியையும் சுமக்க வேண்டும், நம்மைத் திருப்திப்படுத்தச் சிரிக்கவும் வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்?

அப்படியானால் நல்ல மனம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு நம் வேலூரிலேயே ஒரு பதில் இருக்கிறது. அது டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வாழ்க்கை. உங்களில் மூத்தவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். இளையவர்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம்.

கொச்சியில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானவர். மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1954 ஜனவரி 30 அன்று உடன் பணியாற்றியவர்களோடு வண்டியில் போகும்போது விபத்து நேர்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத் தண்டு சேதமாகி இரு கால்களும் செயலிழந்தன. 30 வயதுகூட நிரம்பாத ஒரு டாக்டர் இனி எழுந்து நடக்கப் போவதில்லை என்று ஆயிற்று. அந்நாட்களில் நம் தேசத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு கொடுக்கும் நிலையம் இல்லாததுபோலத்தான். முதுகுத் தண்டு அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகக் கோளாறினாலும் சீக்கிரமே இறந்துபோனார்கள்.

அவருக்கு உடனே தைரியம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மாதக்கணக்கான வேதனையும், அறுவை சிகிச்சைகளும், விரக்தியும் அவருக்கு இருந்தன. அப்போது 1946 முதல் வேலூரில் பணியாற்றி வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சீர்படுத்தி வந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்பதை அவர் மேரி வர்கீஸுக்கு எடுத்துக் காட்டினார். கால்கள் போயின, கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்தத் தொடங்கினார். நாற்காலியில் வந்த டாக்டரைக் கண்ட நோயாளிகளுக்கு அதுவே ஒரு மருந்தாயிற்று.

பின்பு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, தன் வேலைகளைத் தானே செய்யக் கற்றார். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் டாக்டர் ஹோவர்டு ரஸ்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூருக்குத் திரும்பி அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழும்பியது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் மறைந்தார். தன்னைப் போலவே விழுந்து அடிபட்டவர்களை எழுப்பி உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பும் வேலையை அவர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.

இந்த வரலாற்றில் எது முதலில் வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். மனம் முதலில் தேறி, அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. வேலை முதலில் வந்தது. கையில் ஒரு பொறுப்பு, அதற்கு ஒரு நேரம், எதிரே ஒரு மனிதர். இவை மூன்றும் வந்தபின், கொஞ்சங் கொஞ்சமாக மனம் பின்தொடர்ந்தது. இதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம். நல்ல மனதை யாரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. ஆனால் நாளுக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்து, அது வந்து உட்கார இடம் பண்ணி வைக்கலாம்.

இது எங்கள் அனுபவம் மாத்திரம் அல்ல. கோவாவில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அதில் ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். நோயாளியோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து, "நாளை எத்தனை மணிக்கு என்ன செய்வீர்கள், யாரைப் பார்ப்பீர்கள்?" என்று சிறு சிறு காரியங்களைத் திட்டமிட உதவினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 100-க்கு 64 பேர் சோர்விலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 39 பேர்தான் அப்படி வந்தார்கள். மேரி வர்கீஸ் அம்மையாரின் வாழ்க்கை காட்டிய பாடத்தை இந்த ஆய்வும் உறுதிப்படுத்துகிறது.

இனி, குளிர்காலத்தில் வீட்டோடு இருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கை எப்படி உண்டாக்குவது என்பதை, நாங்கள் வீடுகளில் செய்கிறபடியே சொல்லுகிறோம்.

முதலாவது, வெளிச்சம். வட தேசங்களில் குளிர்காலத்தில் மட்டும் வருகிற மனச்சோர்வு உண்டு என்பதை 1984-இல் டாக்டர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். பகல் மிகவும் சுருங்கிவிடுவது அதற்கு ஒரு காரணம் என்றும், காலையில் பிரகாசமான வெளிச்சத்துக்கு முன் உட்காருவது உதவும் என்றும் கண்டார்கள். நம் ஊரில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அது வாசற்படி வரைக்கும் வந்து நிற்கிறது. நாம்தான் கதவை அடைத்துவிடுகிறோம். ஆகையால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கட்டிலைப் பார்க்கிறோம். அதை ஜன்னல் பக்கமாகத் திருப்ப முடியுமா? மழை இல்லாத காலையில் எட்டு மணிக்கு அரை மணி நேரம் திண்ணைக்கு நோயாளியைக் கொண்டுவர முடியுமா? தெருவில் பால்காரர் போவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், யாராவது ஒருவர் "எப்படி இருக்கீங்க பெரியப்பா?" என்று கேட்பார். அந்த அரை மணி நேரத்தில் வெளிச்சமும் கிடைக்கிறது, மனிதரும் கிடைக்கிறார்கள்.

இரண்டாவது, ஆபத்தில்லாத சூடு. குளிர்காய்வது எல்லாருக்கும் இயல்பு. ஆனால் தொழுநோயால் உணர்வு போன கைகால்களுக்கும், முதுகுத் தண்டு அடிபட்டவர்களின் கால்களுக்கும், நாள்பட்ட சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் நெருப்பு சுடுவது தெரியாது. காலை அடுப்பண்டை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள்; சதை வெந்தபின்தான் வாடை தெரியும். சுடுதண்ணீர்ப் பையும் அப்படியே. தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று ஜனங்கள் நம்பியிருந்த காலத்தில், வலி தெரியாததனால் படும் காயங்களே காரணம் என்று டாக்டர் பிராண்டும் உடன் உழைத்தவர்களும் எடுத்துக் காட்டினார்கள். இன்று தொழுநோயை 6 முதல் 12 மாதம் கூட்டு மருந்து கொடுத்துக் குணமாக்கிவிடலாம்; ஆனால் செத்துப்போன உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகையால் நெருப்பண்டை போகாமல் கம்பளியாலும் காலுறையாலும் சூடு தேடுங்கள். தண்ணீரின் சூட்டை, உணர்வுள்ள வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். ஜன்னலை அடைத்த அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கவே கூடாது. அதன் நச்சுக் காற்று தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

மூன்றாவது, உடம்பைப் பேணும் வேலையையே நாளின் மணிக்கூண்டாக்கிக் கொள்வது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணி அல்லது இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை கைகளை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பனிக்காலத்தில் வெடிக்கும் பாதங்களைத் தினமும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, சொரசொரப்பைத் தேய்த்து எடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். 1955-இல் தொடங்கிய காரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வரும் எளிய பாடம் இது. இவற்றை வெறும் சிகிச்சையாக நாங்கள் நினைப்பதில்லை. "ஆறு மணிக்குப் புரண்டு படுத்தாயிற்று, எட்டு மணிக்குத் திண்ணை, பத்து மணிக்குப் பாதம்" என்று நாளுக்குப் படிக்கட்டுகள் கிடைக்கின்றன. படிக்கட்டு இல்லாத நாள்தான் மனிதனை விழுங்குகிறது.

நான்காவது, கையில் ஒரு வேலை. இது தோல் தொழில் செய்யும் நாடு. இங்கே தைத்த செருப்பும் ஷூவும் உலகமெல்லாம் போகின்றன. ஆம்பூரைச் சுற்றிய தெருக்களில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். மழைக்காலத்தில் வாசலை விட்டு உள்ளே வந்து, மங்கலான வெளிச்சத்தில் தரையில் குனிந்து தைக்கும்போது கண்ணும் முதுகும் கெட்டுப்போகின்றன. ஆர்டர் குறைந்தால் அந்தக் கூலியும் இல்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மகனுக்கு வேலை நின்றால் மொத்த வீடும் சோர்ந்து போகிறது. இப்படிப்பட்ட வீட்டில் பணக் கவலையை மனக் கவலை என்று பெயர் மாற்றிப் பேசுவது நியாயமல்ல. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா, ஊனமுற்றோருக்கான உதவித்தொகைக்கு மனு போட்டாயிற்றா என்று விசாரிப்பதும் மனதுக்குச் செய்யும் வைத்தியம்தான்.

ஆனாலும் கூலி தரும் வேலை மாத்திரமே வேலை என்று நினைக்க வேண்டாம். டாக்டர் பிராண்டு 1951-இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று சில மண் குடிசைகளைக் கட்டினார். அறுவை சிகிச்சையால் கை திறந்த தொழுநோயாளிகள் அங்கே தச்சு வேலை கற்று, மரப் பொம்மைகள் செய்தார்கள். திறந்த கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். உணர்வற்ற பாதங்களைக் காப்பாற்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்புகளும் வேலூரிலும் காரிகிரியிலும் உருவாயின. உலகத்துக்கு ஷூ தைக்கும் சீமை, நடக்கத் தவித்த சொந்த ஜனங்களுக்கும் செருப்பு தைத்தது. ஆகவே வீட்டில் இருக்கும் முதியவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். கீரை ஆயட்டும், பேரப்பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கட்டும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் காகிதம் வெட்டட்டும். மார்கழிக் கோலத்துக்கு மருமகள் புள்ளி வைக்கும்போது நாற்காலியிலிருந்தே வரிசை தவறாமல் எண்ணிச் சொல்லட்டும். "நீங்கள் சும்மா இருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அன்போடு சொல்லுகிறோமே, அந்த வார்த்தை சில வேளைகளில் ஒருவரை உயிரோடு ஓரங்கட்டிவிடுகிறது.

ஐந்தாவது, குறித்த நாளில் வரும் ஒரு மனிதர். "எப்போதாவது வருகிறேன்" என்கிறவரைவிட, "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வருகிறேன்" என்று சொல்லி வருகிறவர் நூறு மடங்கு மேல். திங்கட்கிழமையே அந்த வீட்டில் தலை வாரிக்கொள்வார்கள். 2021 ஆகஸ்டு மாதம் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும், தீராத நோயாளிகளுக்கான ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க அதில் வழி இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டில் யாருக்காவது இது தெரியாதிருந்தால், தெரியப்படுத்துங்கள். மழையைச் சாக்காக வைத்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அநேகர்.

இங்கே ஒன்றை மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டும். சோர்வு வேறு, மனச்சோர்வு என்னும் வியாதி வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு வந்தால், அதைக் குணக்கேடு என்றோ விசுவாசக் குறைவு என்றோ ஒருபோதும் சொல்லாதீர்கள். அது வியாதி, அதற்கு மருத்துவம் உண்டு. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பற்றி நேராகக் கேட்பதினால் அந்த எண்ணத்தை நாம் உண்டாக்கிவிடுவதில்லை; பேச ஒரு ஆள் கிடைத்தார் என்ற ஆறுதலே உண்டாகும். அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் எட்டாத இடத்தில் வைத்து, அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், இரவிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது.

வியாதி என்றால் உடனே எங்கேயோ கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் ஜனங்களிடத்தில் உண்டு. 1957-இல் பாகாயத்தில் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் மனநல நிலையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும்படி ஏற்பாடு செய்தார்கள். மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதே வழக்கமாயிருந்த காலத்தில் அது புதுமை. பார்த்துக்கொள்ளும் முறையை வீட்டார் கற்றுக்கொண்டு திரும்பினால்தான், குணமானவர் வீட்டில் நிலைத்திருப்பார் என்பது அதன் கருத்து. குளிர்காலத்தில் மனதைக் காக்கும் வேலையும் வீட்டார் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டியதே.

அப்படியானால் பார்த்துக்கொள்ளுகிறவர்களை நினையாமல் இருக்க முடியுமா? இரவில் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து கணவனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, ஆறு மணிக்கு ஷூ கம்பெனி வண்டிக்கு ஓடுகிற மனைவியை நாங்கள் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்று பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளையைப் பார்க்கிறோம். வந்தவர்கள் எல்லாரும் நோயாளியை நலம் விசாரிக்கிறார்கள், "நீ சாப்பிட்டாயா அம்மா?" என்று அவளைக் கேட்பவர் இல்லை. அவள் விழுந்தால் அந்த வீடே விழும். வாரத்தில் இரண்டு மணி நேரம் நாம் போய் அந்தக் கட்டில் அண்டை உட்கார்ந்தால், அவள் வெளியே போய் வருவாள், அல்லது தூங்குவாள். ஒரு டம்ளர் சுக்குக் காபியை யாரோ ஒருவர் போட்டுக் கையில் கொடுத்தால் அதை உட்கார்ந்து குடிப்பாள். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை.

நண்பர்களே, வீடு சந்திக்கப் போகிறவர்கள் என்ன பேச வேண்டும் என்று எங்களை அடிக்கடி கேட்கிறார்கள். நாங்கள் சொல்லுவது இதுதான். புத்திமதியைக் குறையுங்கள். "நேற்று ராத்திரி எப்படிப் போயிற்று?" என்று கேளுங்கள், பதில் வரும் வரைக்கும் காத்திருங்கள். அழுதால் அழட்டும், அவசரமாய்த் தேற்ற வேண்டாம். ஜெபிக்க விரும்புகிறவரோடு ஜெபியுங்கள். விரும்பாதவரோடு அமைதியாய் உட்கார்ந்திருங்கள். அந்த வீடு எந்த மதத்தாருடையதானாலும் மரியாதை ஒன்றே. எழுந்து வருமுன், கண்ணில் பட்ட ஒரு சிறு வேலையை முடித்துவிட்டு வாருங்கள். ஒழுகும் ஓட்டைச் சரிசெய்ய ஆள் சொல்லுவது, மங்கிப்போன பல்பை மாற்றுவது, சக்கர நாற்காலி போகும்படி நிலைப்படியில் ஒரு சாய்வுப் பலகை வைப்பது. இதையெல்லாம் செய்தவர் வருஷங்கள் சென்றும் அந்த வீட்டில் நினைக்கப்படுகிறார்.

நாங்கள் பார்த்த வரையில், தைரியம் என்பது பெரிய சத்தத்தோடு வருவதில்லை. முதுகு உடைந்த ஒரு தகப்பனார் மூன்று மாதமாய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரு நாள், "அந்தக் கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள்" என்பார். வீட்டார் அதைச் சாதாரணமாய் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது பெரிய செய்தி. இன்னும் வலி இருக்கிறது, கடன் இருக்கிறது, மழையும் பெய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவர் தெருவைப் பார்க்க விரும்புகிறார். அதற்கு மேல் மார்கழியில் ஒருவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே இந்தக் கூடுகையை முடித்து வீட்டுக்குப் போகுமுன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில், உங்கள் சபையில், உங்கள் உறவில் இந்த மழைக்காலத்தில் வெளியே காணப்படாத ஒருவருடைய பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பார்க்கப் போக ஒரு கிழமையையும் ஒரு மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே ஆள் அனுப்பியோ டெலிபோன் செய்தோ, "இந்தக் கிழமை, இத்தனை மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு மழை பெய்தாலும் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அவர்கள் மணியைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.